கோழைக்குப் பின்னால் காற்று போக வேண்டும்

என் இடது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் சில மூச்சுக்குழாய்கள் விரிந்து, தளர்ந்து போய்விட்டன. பிராங்கியெக்டாசிஸ் என்பார்கள். மோசமான நிமோனியா ஒன்று விட்டுப்போன தழும்பு அது. ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் 1819-லேயே இந்த நோயை விவரித்துவிட்டார். ஆனால் விரிந்த குழாயைப் பழையபடி ஆக்க இன்றுவரை மருந்து கிடையாது. அங்கே தேங்குகிற கோழையைத் தினமும் வெளியே கொண்டுவருவதுதான் சிகிச்சையின் பெரும்பகுதி. பல வருடங்களாக அந்த வேலையைச் செய்துவருகிறேன். நெஞ்சுச் சளியோடு அல்லாடுகிறவர்களுக்கும், வீட்டில் அப்படி ஒருவரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் பயன்படும் என்று நம்பி எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. சொல்லிக்கொடுத்தவர்களிடமிருந்தும், படித்ததிலிருந்தும், என் நெஞ்சிலிருந்தும் தெரிந்துகொண்டது இது.

நல்ல நுரையீரல் தன்னை எப்படிச் சுத்தம் செய்துகொள்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். அது தெரிந்த பிறகுதான் பிசியோதெரபிஸ்ட் சொன்ன ஒவ்வொன்றுக்கும் காரணம் பிடிபட்டது.

ஒரு நாளைக்கு நாம் பத்தாயிரம் லிட்டருக்கும் மேல் காற்றை உள்ளே இழுக்கிறோம். தூசி, புகை, மகரந்தம், பூஞ்சை வித்து, கிருமி எல்லாம் அதோடு சேர்ந்தே வருகின்றன. பத்து மைக்ரானைவிட (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) பெரிய துகளில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலுமே மாட்டிக்கொள்ளும். அதைவிடச் சிறியவை மூச்சுக்குழாய்க்குள் நுழைந்துவிடும். அந்தக் குழாய் இரண்டிரண்டாகப் பிரிந்துகொண்டே போய், சுமார் 23 கிளைப்புகளுக்குப் பிறகு காற்றறைகளில் முடிகிறது. ஒவ்வொரு கிளைப்பிலும் காற்று திரும்பியாக வேண்டும். கனமான துகளால் அந்த வேகத்தில் திரும்ப முடியாது, நேரே போய்ச் சுவரில் மோதி ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டுவதற்கென்றே சுவர் முழுக்கச் சளிப் படலம் இருக்கிறது.

அந்தப் படலத்துக்கு அடியில் நடக்கிற வேலையைப் படித்த நாளிலிருந்து, சளி என்றால் முகம் சுளிப்பதை விட்டுவிட்டேன். குழாயின் உள்சுவரில் உள்ள செல்கள் பலவற்றில், ஒவ்வொன்றிலும் இருநூறு போல நுண்மயிர்கள் இருக்கின்றன. சிலியா என்பது அவற்றின் பெயர். ஒவ்வொன்றும் ஆறேழு மைக்ரான் நீளம். அவை மெல்லிய நீர்ப்படலத்துக்குள் நின்றுகொண்டு, நுனி மட்டும் மேலே உள்ள சளியில் படும்படி, நொடிக்குப் பத்து முறைக்கும் மேல் தொண்டைப் பக்கமாகத் தள்ளுகின்றன. பெரிய மூச்சுக்குழாயில் சளி நிமிடத்துக்குச் சுமார் ஐந்து மில்லிமீட்டர் நகரும். ஆழத்தில் உள்ள சின்னக் குழாய்களில் இன்னும் மெதுவாக. தொண்டைக்கு வந்து சேர்ந்ததை நமக்கே தெரியாமல் விழுங்கிவிடுகிறோம், மிச்சத்தை வயிற்று அமிலம் பார்த்துக்கொள்கிறது. ஆரோக்கியமானவருக்கும் சளி ஊறிக்கொண்டேதான் இருக்கிறது. அவருக்கு அது தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இந்த ஏற்பாடு முழுவதும் நீரை நம்பி நிற்கிறது. நல்ல சளியில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு போல நீர். அந்த விகிதம் குறைந்தால் சளி கெட்டியாகி, கீழே உள்ள நீர்ப்படலத்தையும் உறிஞ்சி, நுண்மயிர்களை அழுத்திவிடும். மயிர்கள் நல்ல நிலையில் இருந்தாலும் அப்போது அசைய இடமிருக்காது. படலத்துக்கு நீர் வருவது சுவரின் செல்கள் வழியாக. அவை உப்பை வெளியே விட்டால் நீர் பின்னாலேயே வரும், உப்பை உள்ளே இழுத்தால் நீரும் உள்ளே போய்விடும். பிறவியிலேயே இந்த உப்புப் பாதை பழுதாக இருப்பதுதான் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். "நிறையத் தண்ணி குடி, சளி இளகும்" என்று எல்லோரும் சொல்வார்கள். உடல் வறண்டுபோகாத அளவுக்குக் குடிக்கத்தான் வேண்டும். அதற்கு மேல் குடம் குடமாகக் குடிப்பதால் குழாய்க்குள் சளி இளகுவதில்லை.

உப்புநீரை, மருந்தை நுண்துளிகளாக மாற்றித் தரும் நெபுலைசர் கருவியில் வைத்து உள்ளிழுத்தால் நிலைமை வேறு. உப்பு நேரடியாகச் சுவரின் மேலே போய் உட்காருகிறது, நீர் அதைத் தேடி வருகிறது. ஆஸ்திரேலியாவில் கடலில் அலைச்சறுக்கு விளையாடும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளுக்கு மூச்சு நன்றாக இருந்ததைக் கவனித்ததிலிருந்துதான் இது சூடு பிடித்தது. 7 சதவீத உப்புக் கரைசலை உள்ளிழுப்பது உதவுகிறது என்று ஆய்வு முடிவுகள் 2006-ல் வெளியாகின. எனக்கும் மருத்துவர் அதைத்தான் எழுதிக்கொடுத்தார். இதைக் கேட்டதும் வீட்டிலேயே உப்பைக் கரைத்து யாரும் இழுக்கக் கூடாது. சிலருக்குக் குழாய் இறுகி வீசிங் வரும். அதனால் முதல் முறை மருத்துவமனையில் வைத்து, முன்னும் பின்னும் மூச்சை அளந்து பார்த்துத்தான் கொடுப்பார்கள். மருந்துக்கென்று தயாரித்த, கிருமி நீக்கிய கரைசலைத்தான் பயன்படுத்த வேண்டும்.

காற்றறைகளின் கதை வேறு. அங்கே நுண்மயிர் கிடையாது. காவலுக்கு மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல்கள் இருக்கின்றன. இரண்டு மூன்று மைக்ரானுக்கும் கீழான துகள் வந்து விழுந்தால் அவை விழுங்கி, கிருமியாக இருந்தால் செரித்துவிடும். செரிக்க முடியாததைச் சுமந்துகொண்டு நுண்மயிர்ப் பாதைக்கோ நிணநீர்க் கணுவுக்கோ நகரும். குழாயில் ஒட்டிய தூசி ஏறக்குறைய ஒரு நாளில் வெளியேறிவிடும். காற்றறையில் விழுந்ததற்கு மாதங்களும் ஆகும், வருடங்களும் ஆகும். சில துகள்கள் இந்தக் காவலையே அழித்துவிடுகின்றன. கல் உடைக்கும்போது பறக்கும் சிலிக்கா தூள், விழுங்கிய செல்லைக் கொன்று, வெளியே வந்து அடுத்ததைக் கொல்லும். ஆஸ்பெஸ்டாஸ் இழையோ முழுதாக விழுங்க முடியாத நீளம். தூசியில் வேலை செய்கிறவருக்கு முகக்கவசம் கொடுக்காமல், பிறகு சளி மருந்து வாங்கிக் கொடுப்பதை நினைத்தால் எனக்கு ஆறவே ஆறாது. அந்தத் தூசியை இருமியும் எடுக்க முடியாது, எந்த சிரப்பும் கரைக்காது.

காற்றறையில் கசியும் நீரை வெளியேற்றவும் உப்புதான். சுவர் செல்கள் சோடியத்தை உள்ளே இழுத்து அந்தப் பக்கம் தள்ளுகின்றன, நீர் கூடவே போகிறது, நிணநீர்க் குழாய்கள் வாங்கிக்கொள்கின்றன. கருவில் இருக்கும் வரை குழந்தையின் நுரையீரல் நீரால் நிறைந்திருக்கும். பிரசவ வலியின்போது சுரக்கும் அட்ரினலின் இந்தப் பம்புகளை முடுக்கிவிடுவதால்தான் அந்த நீர் வேகமாக உறிஞ்சப்படுகிறது. வலி வருவதற்கு முன்பே அறுவை சிகிச்சையில் பிறக்கும் குழந்தைகளில் சிலருக்கு ஓரிரு நாள் மூச்சு வேகமாக வாங்குவதற்கு இது ஒரு காரணம்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் வீடுகளில் நடக்கும் பெரிய குழப்பம் இதில்தான். நெஞ்சுக்குள் மூன்று இடத்தில் தேங்கலாம். மூச்சுக்குழாய்க்குள் தேங்குவது கோழை. காற்றறைக்குள் தேங்குவது நீர், பெரும்பாலும் இதயம் பலவீனமாகி ரத்தக் குழாயில் அழுத்தம் ஏறுவதால் கசிவது. மூன்றாவது, நுரையீரலுக்கு வெளியே, அதைச் சுற்றியுள்ள இரட்டை உறைக்கு நடுவே சேரும் நீர். முதலாவதுக்கு மட்டும்தான் நான் சொல்லப்போகிற மூச்சுப் பயிற்சி. இதயக் கோளாறால் வரும் இரண்டாவதுக்கு, சிறுநீரைப் பிரிக்கும் மருந்தும் இதயத்துக்கான சிகிச்சையும். மூன்றாவதுக்குக் காரணத்தைக் கண்டுபிடித்து, தேவைப்பட்டால் ஊசி வைத்து எடுப்பார்கள். படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்காருகிற, கால் வீங்கிய பெரியவரின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தால் நேரம்தான் போகும். அவரை உடனே அழைத்துப்போக வேண்டும்.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். நிமோனியாவில் கிருமியோடு போராட வந்த வெள்ளணுக்கள் கிருமியை மட்டும் அழிப்பதில்லை. அவை கொட்டும் நொதிகள் குழாயின் மீள்தன்மையையும் அரிக்கின்றன. சுவர் தளர்கிறது, நுண்மயிர் உதிர்கிறது, சளி தேங்குகிறது. தேங்கிய இடத்தில் கிருமி குடியேறுகிறது, மறுபடி வெள்ளணு வருகிறது, இன்னும் கொஞ்சம் அரிக்கிறது. 1986-ல் பீட்டர் கோல் என்ற மருத்துவர் இதை ஒரு தீய சுழற்சியாக விளக்கினார். கோழை பச்சையாக இருப்பதும் வெள்ளணுவால்தான், அதில் உள்ள ஒரு நொதியின் நிறம் அது. செத்த வெள்ளணுக்களின் டி.என்.ஏ. இழைகள் கலந்துதான் கோழை நூல் நூலாக இழுபடுகிறது. அந்த இழைகளை அறுக்க டோர்னேஸ் ஆல்ஃபா என்று ஒரு மருந்து உண்டு. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்கு அது நல்ல மருந்து. என்னுடையதைப் போன்ற பிராங்கியெக்டாசிஸில் சோதித்தபோது நோய் அதிகமாகத்தான் கிளம்பியது. பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் குணம் தந்த மருந்தை நாமும் கேட்டு வாங்கக் கூடாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

மருந்தால் கிருமியைக் குறைக்கலாம். அடியில் தேங்கியதை வெளியே எடுப்பது நம் வேலை. இருமினால் வந்துவிடாதா? பெரிய குழாய்களில் உள்ளது வரும். நாம் இருமும்போது தொண்டையை மூடி, உள்ளே அழுத்தம் ஏற்றி, சட்டென்று திறந்துவிடுகிறோம். அந்த வேகம் வேலை செய்வது மேலே உள்ள ஆறேழு கிளைப்புகள் வரைதான். அதற்குக் கீழே, அதே அழுத்தம் குழாயையே வெளியிலிருந்து நசுக்கி மூடிவிடும். தளர்ந்துபோன குழாய் இன்னும் சீக்கிரம் மூடும். தொடர்ந்து இருமி, விலா எல்லாம் வலித்து, கண்ணில் நீர் வந்து, துளி கோழை வராமல் போவதன் காரணம் இதுதான். பாடநூல்களில் எத்தனையோ இருக்கலாம், எனக்கு மனதில் நிற்பது ஒன்று: கோழையைத் தள்ள அதற்குப் பின்னால் காற்று இருக்க வேண்டும். முதலில் அங்கே காற்றைக் கொண்டுபோக வழி பார்க்க வேண்டும்.

என் பிசியோதெரபிஸ்ட் என்னைவிட வயதில் சின்னவர். வலது பக்கமாக என்னைப் படுக்க வைத்து, பழுதான இடது பக்கம் மேலே இருக்கும்படி, கடைசி விலா எலும்புகளின் மேல் இரண்டு உள்ளங்கையையும் பதித்து வைப்பார். "அக்கா, இருமாதீங்க. என் கையைத் தள்ளுற மாதிரி மூச்சை உள்ள இழுங்க. மெதுவா… இன்னும்… இப்ப நிறுத்துங்க. மூணு எண்ணுற வரைக்கும். சரி, விடுங்க." அந்த மூன்று எண்ணிக்கையில்தான் விஷயம் இருக்கிறது. காற்றறைகளுக்கு நடுவே நுண்ணிய துளைகள் உண்டு. கோழை அடைத்த குழாய் வழியாகப் போக முடியாத காற்று, பக்கத்து அறை நிரம்பியதும் அந்தத் துளை வழியாக நுழைந்து அடைப்பின் பின்பக்கம் போய்ச் சேரும். அதற்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும், மூச்சை நிறுத்துவது அதற்காக.

மூன்று நான்கு முறை அப்படி இழுத்த பிறகு, தோளைத் தளர்த்தி, வயிறு மட்டும் அசையும்படி சாதாரண மூச்சு. இதைத் தாண்டிப் போக அவர் விடவே மாட்டார். இந்த இளைப்பாறல் இல்லாவிட்டால் குழாய் இறுகிவிடலாம். பிறகுதான் ஹஃப். கண்ணாடியைத் துடைக்க அதன்மேல் "ஹா" என்று ஆவி ஊதுவோமே, அதே மாதிரி, தொண்டையை மூடாமல் வாயை அகலத் திறந்து, வயிற்றை உள்ளே அழுத்தி ஊதுவது. ஆழத்தில் இருப்பதை அசைக்க, நடுத்தர மூச்சு எடுத்து நீளமாக ஊத வேண்டும். மேலே வந்துவிட்டதை வெளியேற்ற, நெஞ்சு நிறைய மூச்சு எடுத்து, குறைந்த நேரத்தில், வேகமாக ஊத வேண்டும்.

முதல் ஹஃப்பில் ஊதி முடிக்கும் தறுவாயில் ஒரு கரகரப்பு கேட்கும். "கேக்குதா அக்கா? கடைசியில கேட்டா இன்னும் கீழதான் இருக்கு. இப்ப இரும வேணாம்." மறுபடி மூச்சு, நிறுத்தல், இளைப்பாறல், ஹஃப். இரண்டு மூன்று சுற்றில் அந்தக் கரகரப்பு ஊதத் தொடங்கியதுமே கேட்க ஆரம்பிக்கும். அவர் கை விலாவிலிருந்து நெஞ்செலும்புக்கு மாறும். அங்கே உள்ளங்கைக்குக் கீழே அதிர்வை நானே தொட்டு உணரலாம். அப்போது ஒரே ஒரு இருமல். கிண்ணத்தில் வந்து விழும். ஒரு மணி நேரம் இருமினாலும் வராதது.

இந்த முறையை 1970-களின் இறுதியில் லண்டன் பிராம்ப்டன் மருத்துவமனை பிசியோதெரபிஸ்ட்கள் ஆய்வு செய்து செம்மைப்படுத்தினார்கள். பெல்ஜியத்தில் ஷான் ஷெவாலியே வேறொரு வழி கண்டார். மூச்சின் அளவைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போவது. ஊதும்போது அதிர்வும் எதிரழுத்தமும் கொடுக்கும் கருவிகளும் உண்டு. எது உயர்ந்தது என்று கேட்டால், தினமும் எதைச் செய்வீர்களோ அது என்றுதான் என் பதில். படுக்கை நிலை பற்றி மட்டும் ஒன்று. தலையைத் தாழ்த்திப் படுக்க வைப்பது 1901-ல் வில்லியம் ஈவார்ட் என்ற மருத்துவர் காலத்திலிருந்தே வழக்கம். நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு அதில் வயிற்று அமிலம் மேலேறி நுரையீரலுக்குள்ளேயே போய்விடலாம். எனக்குத் தட்டையாக ஒருக்களித்துப் படுத்தாலே போதுமானதாக இருக்கிறது.

காலையில் எழுந்ததும் முதல் வேலை இதுதான். தூக்கத்தில் நுண்மயிர்களின் வேகம் குறையும், இருமலும் அடங்கும், இரவு முழுக்கச் சேர்ந்தது கிடக்கும். சாப்பிட்டவுடன் செய்தால் குமட்டும். வரிசையும் முக்கியம்: குழாயை விரிக்கும் இன்ஹேலர், அடுத்து உப்புநீர், அடுத்து மூச்சுப் பயிற்சி, எல்லாம் வெளியேறிய பிறகு மற்ற இன்ஹேலரோ ஆன்டிபயாட்டிக் நெபுலைசரோ. கோழை மூடிய சுவரில் மருந்து போய்ச் சேராது. அடுத்தடுத்து இரண்டு ஹஃப் கரகரப்பில்லாமல் வந்தால் நிறுத்திவிடுவேன். அதற்கு மேல் துரத்தினால் களைப்புதான். வேகமான நடையும் பெரிய துணை. மூச்சு வாங்கும்போது காற்று ஓட்டம் கூடி, கோழை தானாகவே அசைந்து கொடுக்கும்.

பிறவியிலேயே நுண்மயிர் அசையாதவர்களும் இருக்கிறார்கள். ஸ்வீடனைச் சேர்ந்த அஃப்செலியஸ் என்ற விஞ்ஞானி 1976-ல் அந்த மயிர்களுக்குள் இயக்கும் கைகள் போன்ற புரதமே இல்லாததைக் காட்டினார். அவர்களில் பாதிப் பேருக்கு இதயம் வலது பக்கம் இருக்கும், ஏனென்றால் கருவில் இடம் வலத்தைத் தீர்மானிப்பதும் இதே வகை நுண்மயிர்தான். அவர்கள் வாழ்நாள் முழுவதும் இருமலையும் இப்படிப்பட்ட பயிற்சியையும் கொண்டே நுரையீரலைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள். எனக்குச் சலிப்பு தட்டும்போது அவர்களை நினைத்துக்கொள்வேன்.

புகைபிடித்தவர் நிறுத்திய பிறகு சில வாரம் இருமல் கூடுவதுண்டு. மரத்துக்கிடந்த நுண்மயிர்கள் வேலைக்குத் திரும்புகின்றன. "விட்டதும்தான் இருமல் வந்தது" என்று மறுபடி பற்ற வைத்துவிடக் கூடாது. நிறையக் கோழை வரும் ஒருவருக்கு இருமலை அடக்கும் சிரப் கொடுப்பதும் சரியல்ல. பக்கவாதத்துக்குப் பிறகு சாப்பிடும்போதெல்லாம் புரையேறுகிறவருக்கு, சளியை எடுப்பதைவிட முதலில் விழுங்குவதைச் சோதிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எடுக்க எடுக்க உள்ளே போய்க்கொண்டே இருக்கும். கொதிக்கும் பாத்திரத்தில் ஆவி பிடிப்பதை எங்கள் வீட்டில் நிறுத்திவிட்டோம். மூக்கடைப்புக்குச் சுகமாக இருக்கும், நெஞ்சின் அடி வரை அது போகாது, பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகும் குழந்தைகள் நிறைய.

கிண்ணத்தில் விழுவதைத் தினமும் பார்க்கிறேன். அளவு, நிறம், கெட்டித்தன்மை. வழக்கத்தைவிட அளவு கூடி, நிறம் அடர்ந்து, உடம்பு அசந்தால் மருத்துவரைக் கூப்பிடும் நேரம். ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன் கோழையைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட வேண்டும். மாத்திரை உள்ளே போன பிறகு கொடுத்தால் கிருமி சரியாகப் பிடிபடாது. எச்சிலைத் துப்பிக் கொடுத்தாலும் பயனில்லை, ஹஃப் செய்து அடியிலிருந்து வந்ததைத்தான் கொடுக்க வேண்டும். சிவப்பு ரத்தம் கலந்து வந்தால் பயிற்சியையும் உப்புநீரையும் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், மூச்சிழுத்தால் குத்தும் வலி, உதடு நீலம் பாய்வது, இவற்றுக்கும் காத்திருக்கக் கூடாது.

நெபுலைசர் கிண்ணத்தை ஒவ்வொரு முறையும் சோப்பு போட்டுக் கழுவி, அதோடு வந்த கையேட்டில் சொன்னபடி கொதிக்க வைத்தோ கிருமி நீக்கியோ, நன்றாக உலர்த்தி எடுத்து வைக்க வேண்டும். எங்களைப் போன்ற நோயாளிகளின் நுரையீரலில் குடியேறும் சூடோமோனாஸ் என்ற கிருமி ஈரத்தில் செழிப்பது. ஒரு முறை நிலைகொண்டுவிட்டால் தன்னைச் சுற்றிப் படலம் கட்டிக்கொண்டு மருந்துக்கு மசியாது. ஃப்ளூ தடுப்பூசியும் நிமோகாக்கஸ் தடுப்பூசியும் உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வருடத்துக்கு ஒரு முறையாவது பிசியோதெரபிஸ்ட் முன்னால் பயிற்சியைச் செய்துகாட்டுங்கள், கையோடு சமீபத்திய சி.டி. ஸ்கேனையும் எடுத்துப்போங்கள். நோய் நுரையீரலின் வேறொரு பகுதிக்குப் பரவியிருந்தால் எந்தப் பக்கம் படுப்பது என்பதும் மாறும்.